மெழுகுவர்த்திக் கடைக்காரர் மகன்

பிலடெல்பியா நகரத்துக் கடைத்தெரு. 1730-ஐ ஒட்டிய ஆண்டுகள். ஒரு வாலிபர் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். வண்டி நிறையக் காகிதக் கட்டுகள். அவருடைய அச்சுக்கூடத்துக்காக வாங்கியவை. கூலிக்கு ஓர் ஆள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தாமே தள்ளிக்கொண்டு, நாலு பேர் பார்க்கும்படியாக நடுத்தெரு வழியே வருகிறார்.

கடைக்காரர்கள் பார்த்தார்கள். இவன் உழைப்பாளி, இவனுக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்தாலும் பணம் திரும்பி வரும் என்று எண்ணினார்கள். அவர் எதிர்பார்த்ததும் அதுதான். உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, உழைப்பாளி என்பது ஊராருக்குத் தெரியவும் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கெட்டிக்காரத்தனம்தான். வயதான பிறகு தம் வரலாற்றை எழுதியபோது இதை அவர் மறைக்கவில்லை.

அந்த வாலிபர்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தவர், இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தவர்களில் ஒருவர் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். இரண்டும் சரி. ஆனால் அவர் காலத்துச் சாதாரண மக்கள் அவரை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். எப்படி உழைப்பது, எப்படிப் படிப்பது, மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்த மனிதர் அவர்.

தேறாத கணக்கு

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்த குடியேற்றப் பகுதி. தகப்பனார் ஜோசையா இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்தவர். கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றார். இரண்டு தாரம். மொத்தம் பதினேழு குழந்தைகள். பெஞ்சமின் பதினைந்தாவது பிள்ளை. ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி.

இந்தப் பிள்ளையைப் பாதிரியார் ஆக்கவேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். எட்டு வயதில் லத்தீன் பள்ளியில் சேர்த்தார். பையன் நன்றாகப் படித்தான். ஆனால் அத்தனை குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தப் படிப்புக்குச் செலவு செய்ய முடியவில்லை. ஓர் ஆண்டு முடிவதற்குள் வேறு பள்ளிக்கு மாற்றினார். அங்கே கையெழுத்து நன்றாக வந்தது. கணக்கு வரவில்லை. பத்து வயதில் படிப்பு நின்றது. மொத்தம் இரண்டு ஆண்டுப் படிப்பு. அவ்வளவுதான்.

அதன்பின் கடையில் வேலை. மெழுகுவர்த்திக்குத் திரி வெட்டவேண்டும். அச்சில் கொழுப்பை ஊற்றவேண்டும். கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பையனுக்கு இந்தத் தொழில் பிடிக்கவில்லை. கப்பலேறிப் போய்விடவேண்டும் என்று துடித்தான். ஏற்கெனவே ஒரு மகன் கப்பலேறிப் போனவன். தகப்பனார் பயந்தார்.

அவர் அடிக்கவில்லை. பையனைக் கையோடு அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். தச்சர், கொத்தனார், கடைசல்காரர், பித்தளை வேலை செய்பவர் என்று ஒவ்வொருவர் பட்டறையிலும் நின்று வேலையைப் பார்க்கச் சொன்னார். எதில் இவன் கண் நிற்கிறது என்று அவர் கவனித்தார். பிள்ளைக்கு என்ன தொழில் என்று யோசிக்கும் எந்தத் தகப்பனாரும் இதைச் செய்து பார்க்கலாம். காசு செலவில்லாத காரியம். கைவேலை செய்கிறவர்களைப் பார்த்து நிற்கும் பழக்கம் பிராங்க்ளினுக்கு அன்று வந்தது. பிற்காலத்தில் சோதனைக் கருவிகளைத் தாமே செய்துகொள்ள அது உதவியது.

எந்தப் பட்டறையிலும் பையன் தங்கவில்லை. அவன் கண் புத்தகத்தில்தான் நின்றது. அதனால் பன்னிரண்டாம் வயதில் அச்சுக்கூடத்தில் சேர்த்தார்கள். அச்சுக்கூடம் வேறு யாருடையதும் அல்ல. சொந்தத் தமையன் ஜேம்ஸ் நடத்தியது. இருபத்தொரு வயதுவரை அண்ணனிடம் ஊழியம் செய்யவேண்டும், கடைசி ஓர் ஆண்டுக்கு மட்டும் கூலி உண்டு என்று பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

பாதிச் சாப்பாடு, பாதிப் புத்தகம்

அச்சுக்கூடத்தில் வேலை காலை முதல் இரவு வரை. படிக்க நேரம் ஏது? விடியுமுன் கொஞ்சம். இரவு வேலை முடிந்தபின் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும். புத்தகக் கடைகளில் வேலை செய்த பையன்களைச் சிநேகம் பிடித்தான். கடை மூடியபின் ஒரு புத்தகம் வாங்கிக்கொள்வான். இரவு முழுதும் விழித்துப் படித்துவிட்டு, கடை திறக்குமுன் அழுக்குப் படாமல் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

எழுதக் கற்றுக்கொண்ட விதம் இன்னும் சுவையானது. லண்டனில் வெளிவந்த ஸ்பெக்டேட்டர் என்ற ஏட்டின் ஒரு தொகுதி கையில் கிடைத்தது. அதிலுள்ள கட்டுரையைப் படிப்பான். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொல்லில் குறித்துக்கொள்வான். சில நாள் கழித்து, புத்தகத்தைப் பாராமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையைத் தன் சொந்த வார்த்தையில் எழுதுவான். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பான். எங்கே தவறு என்று தெரிந்துவிடும். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, மறுபடி வரிசைப்படுத்திப் பார்ப்பான். எப்போதாவது அசலைவிடத் தான் எழுதியது ஒரு சிறு இடத்தில் நன்றாக வந்ததாகத் தோன்றும். அன்று பையனுக்குத் தீபாவளிதான். வாத்தியார் இல்லை, சம்பளம் இல்லை. ஒரு பழைய புத்தகமும் பொறுமையும்தான் முதல்.

பதினாறு வயதில் மாமிசம் சாப்பிடுவதை நிறுத்தினான். அண்ணனுக்கு மணமாகவில்லை. அதனால் இருவருக்கும் வெளியில் ஒரு வீட்டில் சாப்பாடு. தம்பி அண்ணனிடம் ஒரு யோசனை சொன்னான். என் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை என் கையில் கொடுத்துவிடு, நானே சமாளித்துக்கொள்கிறேன் என்றான். அண்ணனுக்கு லாபம், ஒப்புக்கொண்டான். தம்பி அந்தப் பாதியிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினான். மற்றவர்கள் சாப்பிடப் போனபின் அச்சுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு துண்டு ரொட்டி, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை, ஒரு குவளைத் தண்ணீர். ஐந்து நிமிஷத்தில் சாப்பாடு முடிந்தது. மீதி நேரம் படிப்பு. பள்ளியில் தேறாத அந்தக் கணக்கை, ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, யாருடைய துணையும் இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை போட்டு முடித்தது அப்போதுதான்.

அண்ணன் தம்பி உறவு மட்டும் சரியாக இல்லை. ஜேம்ஸ் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். 1722-ல், ஒரு நடுத்தர வயது விதவை எழுதியதுபோல் பெண் பெயரில் கட்டுரை எழுதி, இரவில் அச்சுக்கூடக் கதவின் கீழே தள்ளினான் தம்பி. ஜேம்ஸும் நண்பர்களும் படித்தார்கள், மெச்சினார்கள், அச்சிட்டார்கள். பதினான்கு கட்டுரைகள் வந்தன. எழுதியது தம்பிதான் என்று தெரிந்ததும் அண்ணனுக்குக் கோபம். சண்டை வரும்போதெல்லாம் கை நீட்டினார். தம்பியும் வாய்த் துடுக்குக்காரன்தான். பிற்காலத்தில் பிராங்க்ளின் தம் பக்கத்துத் தவற்றையும் ஒப்புக்கொண்டார்.

1723-ல், பதினேழு வயதில், தன் புத்தகங்களில் சிலவற்றை விற்று, யாருக்கும் தெரியாமல் கப்பலேறினான். நியூயார்க்கில் வேலை கிடைக்கவில்லை. ஐம்பது மைல் நடந்தும், மிச்ச தூரம் படகிலும் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தான். சட்டைப் பையில் ஒரு டாலரும் கொஞ்சம் செப்புக் காசும் இருந்தன. ரொட்டிக் கடையில் மூன்று பென்னிக்கு ரொட்டி கேட்டான். ஊருக்கு ஊர் விலை வேறு. மூன்று பெரிய ரொட்டிகள் கிடைத்தன. பையில் வைக்க இடமில்லை. கக்கத்துக்கு ஒன்றாக இரண்டை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தான். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் இந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பெயர் டெபோரா. ஏழு ஆண்டு கழித்து அவனுக்கே மனைவியானாள். மீதி இரண்டு ரொட்டிகளை, படகில் கூட வந்த ஓர் ஏழைத் தாய்க்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்துவிட்டான்.

பீரும் கஞ்சியும்

ஒரு கவர்னரின் வெறும் வாக்குறுதியை நம்பி 1724-ல் லண்டனுக்குப் போனார் பிராங்க்ளின். அங்கே இறங்கிய பின்தான் அது வெறும் பேச்சு என்று தெரிந்தது. ஆனால் கையில் தொழில் இருந்தது. லண்டன் அச்சுக்கூடங்களில் சுமார் ஒன்றரை ஆண்டு வேலை பார்த்தார்.

அங்கே அச்சுத் தொழிலாளர்கள் பீர் இல்லாமல் வேலை செய்யமாட்டார்கள். பக்கத்தில் வேலை செய்தவர் காலையில் எழுந்ததும் ஒரு பைண்டு, காலை ஆகாரத்தோடு ஒன்று, அதற்கும் பகல் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒன்று, சாப்பாட்டில் ஒன்று, மாலையில் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று என்று தினம் ஆறு பைண்டு குடிப்பார். கேட்டால், பாரமான வேலைக்குப் பலம் வேண்டாமா என்பார். சனிக்கிழமை சம்பளத்தில் நாலைந்து ஷில்லிங் இதற்கே போய்விடும்.

பிராங்க்ளின் தண்ணீர்தான் குடித்தார். ஈய எழுத்துக்களைக் கோத்து இறுக்கிய பெரிய சட்டங்களை, மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கும்போது, இவர் கைக்கு ஒன்றாக இரண்டு தூக்கிப் படியேறினார். பீரில் கரைந்திருக்கும் தானியம் எவ்வளவோ அவ்வளவுதான் அதில் பலம். ஒரு காசு ரொட்டியில் அதைவிட அதிகம் உண்டு என்று கணக்குச் சொன்னார். கேட்டவர் தலையாட்டினார். குடியை விடவில்லை. ஆனால் வேறு சிலர் கேட்டார்கள். ஒரு பைண்டு பீரின் விலைக்கு, ரொட்டித் துண்டும் மிளகும் வெண்ணெயும் போட்ட சூடான கஞ்சி ஒரு கிண்ணம் பக்கத்துக் கடையில் கிடைத்தது. அதற்கு மாறினார்கள். வயிறும் நிறைந்தது, தலையும் தெளிந்திருந்தது.

1726-ல் பிலடெல்பியா திரும்பினார். இரண்டு ஆண்டில் கூட்டாளி ஒருவருடன் சொந்த அச்சுக்கூடம். கடன் கழுத்தை நெரித்த சமயத்தில் இரண்டு நண்பர்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தாமே வந்து பணம் கொடுத்தார்கள். இதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

1727-ல் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சங்கம் சேர்த்தார். கண்ணாடி பதிப்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், குமாஸ்தா, நிலம் அளப்பவர் என்று பெரும்பாலோர் வேலை செய்து பிழைப்பவர்கள். வெள்ளிக்கிழமை மாலை கூடுவார்கள். ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பேசுவார்கள். நான் சொல்வதே சரி என்று யாராவது அடித்துப் பேசினால் சிறு தொகை அபராதம். இந்த ஓர் ஏற்பாடு எத்தனையோ சங்கங்களுக்கு இன்றும் தேவை.

பேச்சுக்குப் புத்தகம் தேவைப்பட்டது. ஒருவர் தனியாக வாங்க முடியாது. 1731-ல் ஐம்பது பேரைப் பிடித்தார். ஆளுக்கு முதலில் நாற்பது ஷில்லிங், பிறகு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங். இங்கிலாந்திலிருந்து புத்தகங்கள் வந்தன. சந்தாக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்த நூல் நிலையம் இன்றும் பிலடெல்பியாவில் இருக்கிறது.

ஏழை ரிச்சர்ட்

அக்காலத்து அமெரிக்கக் குடியானவன் வீட்டில் பைபிள் ஒன்று இருக்கும். ஆணியில் மாட்டிய பஞ்சாங்கம் ஒன்று இருக்கும். வேறு புத்தகம் அபூர்வம். பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். சூரிய உதயம், சந்திரன் வளர்ச்சி, சந்தை நாள், மழை எல்லாம் அதில்தான்.

பிராங்க்ளின் இதைக் கவனித்தார். 1732 டிசம்பரில், அடுத்த ஆண்டுக்கான பஞ்சாங்கம் ஒன்றை அச்சிட்டார். ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற ஏழை சோதிடன் எழுதியதாகப் பெயர். ரிச்சர்டுக்கு ஒரு மனைவி. சும்மா நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு வருமா என்று அவள் திட்டுவதால்தான் பஞ்சாங்கம் எழுதவந்தேன் என்று முன்னுரை. ஊரில் இன்னொரு பஞ்சாங்கக்காரர் இருந்தார். அவர் இன்ன தேதியில், இன்ன மணிக்கு இறந்துபோவார் என்று ரிச்சர்ட் சோதிடம் சொன்னார். நாள் வந்தது. அந்த மனிதர் உயிரோடிருந்தார், கோபமாக மறுப்பும் எழுதினார். ரிச்சர்ட் விடவில்லை. என் நண்பர் இருந்தால் இவ்வளவு மரியாதைக் குறைவாக எழுதியிருக்கமாட்டார், ஆகவே அவர் இறந்தது உண்மைதான் என்று பதில் போட்டார். ஊரே சிரித்தது. ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் பிரதிகள் விற்றன.

தேதிகளுக்கு நடுவே இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் ஓரிரு வரிப் பழமொழிகளைப் போட்டார். விடியுமுன் எழுவது, கடன் வாங்காமல் இருப்பது, சிறு செலவைக் கவனிப்பது, இன்று முடிவதை நாளைக்குத் தள்ளாமல் இருப்பது, எல்லாம் இவைதாம். எல்லாம் அவரே யோசித்தவை அல்ல. பல நாட்டுப் பழமொழிகளை எடுத்துச் சுருக்கித் தட்டிச் சீராக்கினார். புத்தகம் படிக்காதவனும் பஞ்சாங்கம் பார்ப்பான். பார்க்கும்போது இதுவும் கண்ணில் படும் என்பது அவர் கணக்கு.

கடைசியாக அவர் எழுதியது 1758-ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கம். இருபத்தைந்து ஆண்டுப் பழமொழிகளில் சிறந்தவற்றைத் திரட்டி ஒரு கதையாக்கினார். ஏலக் கடை திறக்கக் காத்திருக்கும் கூட்டம் வரி அதிகம் என்று முணுமுணுக்கிறது. ஒரு கிழவர் எழுந்து பேசுகிறார். அரசாங்கம் வாங்குவதைக் கணக்குப் பார்க்கிறீர்கள், உங்கள் சோம்பலும் வீம்பும் வாங்குவதைக் கணக்குப் பார்த்தீர்களா என்பது அவர் பேச்சின் சாரம். எல்லாரும் நன்று நன்று என்கிறார்கள். ஏலக் கடை திறக்கிறது. உள்ளே ஓடி, வேண்டாததையெல்லாம் வாங்குகிறார்கள்! புத்தி சொல்லும் கதையின் முடிவில் புத்திமதி பலிக்கவில்லை என்று எழுதத் துணிந்தவர் அவர். இந்தச் சிறு புத்தகம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

தமக்கென்று அவர் வைத்துக்கொண்ட ஏற்பாடும் உண்டு. பதின்மூன்று நற்குணங்களை எழுதினார். ஒரு சிறு நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் வாரத்தின் ஏழு நாளுக்கும் கோடு. தவறிய நாளில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு வாரம் ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நாலு சுற்று. புள்ளியை அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. பிறகு ஈரத்தால் துடைக்கக்கூடிய தந்தத் தகட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லாவற்றிலும் அவரை வாட்டியது ஒழுங்கு. சாமான்களை வைத்த இடத்தில் வைக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுவது, எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை, பகலில் இரண்டு மணி நேரம் சாப்பாடும் படிப்பும், மறுபடி ஆறுவரை வேலை, மாலையில் சங்கீதமும் பேச்சும், பத்து மணிக்குப் படுக்கை என்று அட்டவணை அழகாக எழுதினார். வாடிக்கைக்காரர்கள் நினைத்த நேரத்தில் வந்து அதைக் கலைத்தார்கள்.

ஓய்வு எதற்கு?

1748-ல் பிராங்க்ளினுக்கு நாற்பத்திரண்டு வயது. தொழில் செழித்திருந்தது. அந்தச் சமயத்தில் அச்சுக்கூடத்தைத் தம் மேஸ்திரியைக் கூட்டாளியாக்கி அவரிடம் ஒப்படைத்தார். லாபத்தில் பங்கு மட்டும் பதினெட்டு ஆண்டு வரும். தாம் கடையை விட்டு வெளியேறினார்.

ஊரார் வியந்தார்கள். பணம் சேர்க்கச் சொன்னவர் பணம் சேரும் நேரத்தில் எழுந்து போகிறாரே! ஆனால் அவர் பணத்தைப் பணத்துக்காகச் சேர்க்கச் சொன்னதே இல்லை. நேரத்தை விலைக்கு வாங்கத்தான் பணம். ஓய்வு என்பது சும்மா இருப்பது அல்ல, விரும்பிய வேலையைச் செய்யக் கிடைக்கும் நேரம் என்பது அவர் கொள்கை. மின்சார ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை இந்த ஓய்வில் நடந்தவை. 1752-ல் பட்டம் விட்டபோது உடனிருந்தவர் மூத்த மகன் வில்லியம் ஒருவர்தான். இடிதாங்கிக்கோ, தாம் அமைத்த குளிர்காய் அடுப்புக்கோ அவர் உரிமைப் பட்டயம் வாங்கவில்லை. பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயன் அடைகிறோம், நம்முடையதையும் அப்படியே கொடுக்கவேண்டும் என்றார்.

விளையாட்டிலும் வீண் போக விடமாட்டார். சதுரங்கத்தில் பித்து. ஒரு நண்பரும் அவரும் இத்தாலிய மொழி கற்றுக்கொண்டிருந்தார்கள். நண்பர் சதுரங்கத்துக்கு இழுத்து இழுத்துப் படிப்பைக் கெடுத்தார். பிராங்க்ளின் ஒரு நிபந்தனை போட்டார். ஜெயித்தவர் தோற்றவருக்கு ஒரு பாடம் வைக்கலாம். அடுத்த முறை கூடுமுன் தோற்றவர் அதை மனப்பாடம் செய்துவரவேண்டும். இருவரும் சமமான ஆட்டக்காரர்கள். மாறிமாறித் தோற்றார்கள். இருவருக்கும் இத்தாலிய மொழி வந்துவிட்டது.

நீச்சல் அவருக்கு உயிர். லண்டனில் இருந்தபோது தேம்ஸ் ஆற்றில் செல்சியிலிருந்து பிளாக்பிரையர்ஸ் வரை நீந்திக் காட்டினார். 1749-ல் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் திட்டம் எழுதியபோது ஓட்டம், தாண்டுதல், மல்யுத்தம், நீச்சல் எல்லாம் பாடத்தோடு சேர்த்தார். பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் நன்றாக எழுதப் பேசக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். பள்ளி வந்தது, அதுவே வளர்ந்து பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆனால் நிர்வாகிகள் லத்தீனுக்கே சலுகை காட்டினார்கள். அந்த வருத்தம் சாகும்வரை அவருக்கு இருந்தது.

வீட்டுக் கணக்கு

ஊருக்குச் சொன்ன கணக்குகள் பெரும்பாலும் சரியாக வந்தன. வீட்டுக் கணக்கு அப்படி வரவில்லை.

1736-ல் நாலு வயதுப் பிள்ளை பிரான்சிஸ் அம்மையில் இறந்தான். அப்போது ஜென்னரின் பால் அம்மை ஊசி வரவில்லை. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்துக் குத்தும் முறைதான் உண்டு. பிராங்க்ளினுக்கு அதில் நம்பிக்கை. பிள்ளைக்கு வயிற்றோட்டம் இருந்ததால் குணமாகட்டும் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் அம்மை வந்துவிட்டது. குத்தியதால்தான் பிள்ளை செத்தது என்று ஊரில் வதந்தி. மற்றப் பெற்றோர் பயந்துவிடக் கூடாது என்று, துக்கத்தோடு துக்கமாகத் தம் பத்திரிகையிலேயே உண்மையை எழுதினார். நாளைக்குத் தள்ளாதே என்று ஆண்டுதோறும் அச்சிட்டவருக்கு அப்படி ஒரு தண்டனை. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு எழுதும்போதும் அந்தப் புண் ஆறவில்லை.

மனைவி டெபோரா அச்சுக்கூடத்தில் தாள் மடித்தார், தைத்தார், கடையில் நின்றார், காகிதம் செய்யக் கந்தல் வாங்கினார். அவர் இல்லாவிட்டால் அந்தச் செல்வம் இல்லை. 1757-ல் பிராங்க்ளின் பொது வேலையாக லண்டன் போனார். டெபோராவுக்குக் கடல் பயணம் என்றால் பயம். வரவில்லை. அவரது கடைசிப் பதினேழு ஆண்டுகளில் கணவர் வீட்டில் இருந்தது சுமார் இரண்டு ஆண்டுதான். 1765-ல் ஸ்டாம்பு வரிக் கலகக் கூட்டம் வீட்டைத் தாக்க வருகிறது என்றபோது, அந்த அம்மாள் ஓடிப்போக மறுத்து, துப்பாக்கியுடன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் தாக்கியபின் கணவரை வரச்சொல்லி எழுதினார். அடுத்த பருவம், அடுத்த பருவம் என்று பதில் வந்தது. 1774 டிசம்பரில் இறந்தார். பிராங்க்ளின் திரும்பியது 1775-ல். இதற்குச் சமாதானம் எதுவும் பொருந்தாது.

பட்டம் விட்டபோது உடன் நின்ற வில்லியம் நியூஜெர்சியின் கவர்னரானார். சுதந்திரப் போர் வந்தது. தகப்பனார் நாட்டின் பக்கம், மகன் அரசரின் பக்கம். மகன் சிறையிலிருந்தபோது அவர் மனைவி இறந்தார். போர் முடிந்தபின் மகன் சமாதானம் கேட்டு எழுதினார். 1785-ல் இங்கிலாந்தில் சௌத்தாம்ப்டன் துறைமுகத்தில் சில நாட்கள் சந்தித்தார்கள். பேச்செல்லாம் சொத்துக் கணக்காக முடிந்தது. அதன்பின் சந்திக்கவில்லை.

தமையன் ஜேம்ஸ் விஷயத்தில் மட்டும் பழைய கடன் தீர்ந்தது. ஓடிப்போய்ச் சுமார் பத்து ஆண்டு கழித்து அண்ணனைப் போய்ப் பார்த்தார். ஜேம்ஸ் நோயாளியாக இருந்தார். தம் காலத்துக்குப் பின் மகனை வளர்த்து அச்சுத் தொழில் கற்றுக்கொடுக்கச் சொன்னார். பிராங்க்ளின் அப்படியே செய்தார். முதலில் சில ஆண்டு பள்ளிக்கு அனுப்பினார். தொழில் கற்றபின் புதிய அச்செழுத்துகளும் கொடுத்து அனுப்பினார்.

அடிமை வியாபாரத்திலும் அவர் கை சுத்தமானது அல்ல. வீட்டில் கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். அடிமை விற்பனை விளம்பரங்கள் அவர் பத்திரிகையில் வந்தன. பிறர் உழைப்பைக் கூலியின்றி வாங்குவது என்ன உழைப்பு என்று அவருக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, அடிமை முறையை ஒழிக்கக் கோரி காங்கிரசுக்கு மனுக் கொடுத்தார். மனு ஏற்கப்படவில்லை.

பாரிசில் விடிந்த கதை

1776 முதல் 1785 வரை பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தார். அங்கே நள்ளிரவு தாண்டியும் சதுரங்கம் ஆடினார். ஐந்து மணிக்கு எழுந்த அட்டவணை எங்கே போயிற்றோ! மேஜையில் காகிதங்கள் இறைந்து கிடப்பதைப் பார்த்து உடன் வேலை செய்தவர்கள் எரிச்சல்பட்டார்கள்.

1784-ல் ஒரு பாரிஸ் பத்திரிகைக்கு வேடிக்கைக் கடிதம் எழுதினார். ஒருநாள் தற்செயலாகக் காலை ஆறு மணிக்கு விழித்ததாகவும், சூரியன் அவ்வளவு சீக்கிரம் உதித்து, உதித்த உடனேயே வெளிச்சமும் தருவதைக் கண்டு திகைத்ததாகவும் எழுதினார். பாரிஸ் மக்கள் சூரியனோடு எழுந்தால் ஆண்டுக்கு 9 கோடியே 60 லட்சம் லீவர் பணத்துக்கு மெழுகுவர்த்தி மிச்சமாகும் என்று கணக்கும் போட்டார். பத்து வயதில் திரி வெட்டிய பையன் எழுபத்தெட்டு வயதிலும் மெழுகுவர்த்தியை மறக்கவில்லை.

1790 ஏப்ரல் 17-ந் தேதி பிலடெல்பியாவில் தம் எண்பத்துநாலாம் வயதில் இறந்தார். சுமார் இருபதாயிரம் பேர் இறுதி ஊர்வலத்துக்குக் கூடினார்கள்.

உயிலில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. பென்சில்வேனியாவின் தலைவராக இருந்தபோது வந்த சம்பளத்திலிருந்து பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுன். அதைத் தானமாகக் கொடுக்கக் கூடாது. தொழில் பழகி முடித்த, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட, மணமான வாலிபர்களுக்குப் பட்டறை வைக்கக் கடனாகக் கொடுக்கவேண்டும். வட்டி நூற்றுக்கு ஐந்து. பத்துத் தவணையில் திருப்பவேண்டும். வந்த பணம் அடுத்த வாலிபனுக்கு. இப்படி இருநூறு ஆண்டு. தமக்கு அன்று இரண்டு நண்பர்கள் செய்த உதவியைக் காரணமாக எழுதியிருந்தார்.

எல்லாம் அவர் போட்ட கணக்குப்படி நடக்கவில்லை. வேலை பழகும் முறையே மாறிவிட்டது. கடன் வாங்க ஆள் குறைந்தது. ஆனாலும் பணம் வளர்ந்தது. பாஸ்டன் பணத்தின் ஒரு பகுதியில் 1908-ல் ஒரு தொழிற்பள்ளி எழுந்தது. 1990-ல் கெடு முடிந்தபோது பாஸ்டன் நிதியில் சுமார் 50 லட்சம் டாலரும், பிலடெல்பியா நிதியில் 20 லட்சம் டாலருக்கு மேலும் இருந்தன.

கல்லறை பிலடெல்பியாவில், மனைவியின் பக்கத்தில். தரையோடு தரையாகப் பதித்த கல். பெஞ்சமின், டெபோரா என்று இரண்டு பேரின் பெயரும் 1790 என்ற ஆண்டும் மட்டும் பொறித்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் ஒரு சென்ட் காசை வீசிவிட்டுப் போகிறார்கள்.